ஊவா மலைச்சரிவுகளில் ராடார்: தேயிலைக்கு அடியிலுள்ள ஈரத்தை அறிவது எப்படி?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. வேலைக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் தப்பினார்கள். லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

அதே ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில்தான் ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்-1ஏ என்ற ராடார் செய்மதி முழுச் சேவைக்கு வந்தது. அதன் படங்களை உலகில் எவரும் காசு கொடுக்காமல் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. மீரியபெத்தைக்கு அது காலம் கடந்து வந்த கருவி. ஆனால், ஊவாவின் மற்ற மலைகளுக்கு அப்படியல்ல. மழையும் முகிலும் மூடிக் கிடக்கும் வேளையிலும் நிலத்தைப் பார்க்கக்கூடிய ஒரு கருவி அன்றிலிருந்து இந்த மாகாணத்தின் மேலே தவறாமல் கடந்துபோகிறது. அதனால் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது, அறிந்ததை எப்படி லயன் வரை கொண்டுவருவது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கவேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் சிதைந்தது. கேள்விகள் பழையவை, அவசரம் இன்றையது.

ஈரம் எதிரொலிக்கும் விதம்

நாம் வழக்கமாகப் பார்க்கும் செய்மதிப் படங்கள் சூரிய ஒளியில் எடுக்கப்படுபவை. முகில் மறைத்தால் நிலம் தெரியாது. ஊவாவில் மண் மிகவும் ஈரமாக இருக்கும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலமே முகில் மிகுந்த காலமும். மண்சரிவு அபாயம் கூடும் நாட்களில் அந்தப் படங்கள் நமக்கு வெறும் வெள்ளைப் பரப்பையே காட்டும்.

ராடார் சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. அது தானே நுண்ணலைகளை அனுப்பி, நிலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கிறது. சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.5 சென்ரிமீற்றர். முகிலின் நீர்த்துளிகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அலை பெரும் இழப்பின்றி அவற்றைக் கடந்துவிடும். இரவும் பகலும் அதற்கு ஒன்றே.

மண்ணின் ஈரத்தை இந்த எதிரொலி காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் நீரின் மின் இயல்பு. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதை இயற்பியலாளர்கள் ஓர் எண்ணால் குறிப்பார்கள். இந்த நுண்ணலைகளைப் பொறுத்தவரை உலர்ந்த மண்ணுக்கு அந்த எண் மூன்று அல்லது நான்கு. நீருக்கோ எண்பதை ஒட்டி வரும். மண்ணில் நீர் ஏற ஏற அதன் எண் இருபதைத் தாண்டிப் போகும். அலை தெறிக்கும் வலிமையும் கூடும். ஆகவே ஒரே இடத்தை ஒரே கோணத்தில் மீண்டும் மீண்டும் பார்த்து, எதிரொலி எப்போது வலுக்கிறது, எப்போது தளர்கிறது என்று கணக்கு வைத்தால், அந்த மண் நனைந்து காயும் வரலாறு கிடைத்துவிடும்.

1970களில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உலாபி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் வயல்களில் ராடார் கருவிகளை நிறுத்தி இந்த உறவை அளந்து காட்டினார்கள். 1990களின் இறுதியில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாக்னர், இடத்துக்கு இடம் ஒப்பிடுவதை விட்டு, ஒரே இடத்தின் மிக உலர்ந்த நாளையும் மிக ஈரமான நாளையும் எல்லைகளாக வைத்து மற்ற நாட்களை அளக்கும் முறையை வளர்த்தார். இன்று உலகெங்கும் வெளியாகும் பல மண் ஈர வரைபடங்களுக்கு அடிப்படை அந்த முறையே.

ஒரே சதுரத்துக்குள் இரண்டு நாடுகள்

அந்த உலக வரைபடங்களை அப்படியே எடுத்து ஊவாவில் பயன்படுத்த முடியாது. முதல் தடை அளவு. நாசாவின் ஸ்மாப் செய்மதி 2015 ஜனவரியில் ஏவப்பட்டது. அதில் ராடாரும், நிலம் தானாக வெளிவிடும் நுண்ணலையை உணரும் கருவியும் சேர்ந்திருந்தன. ராடார் அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்தது. மிஞ்சிய கருவி ஏறத்தாழ 36 கிலோமீற்றர் அகலமுள்ள சதுரங்களாகவே நிலத்தைப் பார்க்கிறது.

அந்தச் சதுரம் ஒன்றை ஊவாவின் மேல் வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் பண்டாரவளைக்கும், 200 மீற்றர் அளவில் இருக்கும் வெல்லவாயவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் இருபது கிலோமீற்றர்கூட இல்லை. ஒன்று குளிர்ந்த தேயிலை மலை. மற்றது வரண்ட வலயத்தின் வாசல். இரண்டும் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். அப்படிக் கிடைக்கும் சராசரி எண் பண்டாரவளைக்கும் பொருந்தாது, வெல்லவாயவுக்கும் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக இறங்கும் கொஸ்லாந்தைச் சரிவைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

ஊவாவின் மழையும் இப்படித்தான் துண்டு துண்டானது. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைத்தொடரின் மறுபுறம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்தைச் சுருக்கி, ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது அந்தக் காய்ச்சல்தான். அது அளவு மீறினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் சம்பளம் குறையும். அதன்பின் ஒக்டோபரில் இடைப்பருவ மழையும், தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் வந்து, பல மாதம் காய்ந்து வெடித்திருந்த அதே மண்ணை நிறைக்கின்றன. ஒரே தோட்டத்தில் வரட்சியும் மண்சரிவும் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து வரும் நிலம் இது. ஆகவே இங்கே மண் ஈரத்தைத் தோட்ட அளவில், முடிந்தால் தோட்டத்துக்குள் மலை என்று சொல்லப்படும் ஒரு பறிப்புப் பகுதியின் அளவில் அறிய வேண்டும். சென்டினல்-1 ஏறத்தாழ இருபது மீற்றர் நுட்பத்தில் படம் தருவதால் அதற்கு வழி திறந்திருக்கிறது. சென்டினல்-1ஐக் கொண்டு ஒரு கிலோமீற்றர் நுட்பத்தில் தயாராகும் கொப்பர்நிக்கஸ் மண் ஈர வரைபடம் ஐரோப்பாவை மட்டுமே உள்ளடக்குகிறது. ஊவாவுக்கான வரைபடத்தை நாமே செய்தாக வேண்டும்.

தேயிலை என்ற திரை

செய்ய முனைந்ததும் எதிரே நிற்பது தேயிலைச் செடி. நன்கு வளர்ந்த தேயிலை மலை, இடுப்பளவு உயரத்தில் மண்ணே தெரியாத பச்சைத் தளம். முற்றிய தேயிலை இலையின் நீளமும் சென்டினல்-1 அலையின் நீளமும் ஏறத்தாழ ஒரே அளவானவை. அலை இலைகளுக்குள் நுழைந்ததும் பல திசைகளில் சிதறும். செய்மதிக்குத் திரும்பும் எதிரொலியில் பெரும்பகுதி செடியிலிருந்தே வரும். மண்ணின் பங்கு நலிந்துவிடும்.

செடியின் பங்கையும் மண்ணின் பங்கையும் பிரிக்க 1978இல் அட்டெமாவும் உலாபியும் ஒரு கணக்கு முறையைத் தந்தார்கள். செடித் தொகுதியை நீர்த்துளிகள் நிறைந்த முகிலாகப் பாவித்து, அது எவ்வளவு எதிரொலி சேர்க்கிறது, அடியிலிருந்து வரும் எதிரொலியை எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிடும் முறை அது. கோதுமைக்கும் சோளத்துக்கும் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால், கோதுமையின் வாழ்வு சில மாதம். விதைப்பும் அறுவடையும் தெரிந்தால் செடியின் மாற்றம் தெரிந்துவிடும். தேயிலை ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். அதன் மாற்றங்கள் மனிதக் கையால் நிகழ்பவை.

இதைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். ஒரு மலையில் கொழுந்து பறித்து, அதே மலைக்குத் திரும்பி வருவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். சென்டினல்-1 வகைச் செய்மதி ஒன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். ஆகவே எந்த இரண்டு படங்களுக்கும் இடையில் ஒரு தடவையாவது அந்த மலையின் மேல்தளம் பறிக்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போதோ மாற்றம் மிகப் பெரிது. ஒரு வாரத்துக்குள் இலைத்தளம் முழுவதும் போய், வெட்டுண்ட கிளைகளும் இடையிடையே மண்ணும் மட்டும் மிஞ்சும். நிழல் மரங்களின் கிளை கழிக்கும் காலமும் அப்படியே. இதையெல்லாம் அறியாத கணினி, எதிரொலி திடீரென மாறியதைக் கண்டு, மண் காய்ந்துவிட்டது என்றோ நனைந்துவிட்டது என்றோ தீர்ப்புச் சொல்லிவிடும். மண்ணில் எந்த மாற்றமும் இருந்திராது.

பனியும் இதில் சேர்கிறது. இந்தச் செய்மதிகள் விடியற்பொழுதிலும் மாலை மங்கும் நேரத்திலும் கடக்கும்படி அமைக்கப்பட்டவை. ஊவாவின் விடியலில் ஒவ்வோர் இலையிலும் பனிநீர் நிற்கும். இலை மேலுள்ள நீரும் எதிரொலியைக் கூட்டும். வரட்சிக் காலத்தில்கூட விடியற்காலைப் படம் செடியை ஈரமாகக் காட்டக்கூடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நீண்ட அலை. 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியது. அதன் ராடார்களில் ஒன்றின் அலைநீளம் 24 சென்ரிமீற்றர். அவ்வளவு நீண்ட அலைக்கு இலை பெரிய தடையல்ல. கிளைகளையும் தண்டையும் தாண்டி மண்ணை எட்டக்கூடியது. அதன் மண் ஈர வரைபடம் 200 மீற்றர் நுட்பத்தில் வரும்படி திட்டமிடப்பட்டுள்ளது. தோட்டத்தின் ஒரு மலையை அடையாளம் காண அது போதும். இரண்டாவது வழி தோட்டத்திலேயே இருக்கிறது. எந்த மலையில் என்று கொழுந்து பறித்தார்கள், எந்த மலை கவ்வாத்துக்குப் போனது என்பதை ஒவ்வொரு தோட்டமும் நாள்தோறும் பதிந்து வருகிறது. அந்தக் கணக்கைச் செய்மதித் தரவோடு திகதிவாரியாகச் சேர்த்தால், செடியின் மாற்றத்தையும் மண்ணின் மாற்றத்தையும் பிரித்தறியும் வாய்ப்பு எந்தக் கோதுமை வயலையும்விட இங்கே அதிகம். தோட்டத்துக் கணக்குப் புத்தகம் ஓர் அறிவியல் ஆவணம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

சரிவின் திசை

அடுத்த சிக்கல் நிலத்தின் வடிவம். ராடார் நேர்கீழே பார்ப்பதில்லை; பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும். சமவெளியில் இதனால் தீங்கில்லை. மலையிலோ, செய்மதியை நோக்கிய சரிவு படத்தில் சுருங்கித் தெரியும். மிகச் செங்குத்தானால் உச்சியும் அடிவாரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மறுபக்கச் சரிவு நிழலுக்குள் போய்விடும். அப்புத்தளை, பெரகலை, கொஸ்லாந்தை வழியாகப் போகும் செங்குத்துச் சரிவில் இப்படிப் படத்திலிருந்து தொலைந்துபோகும் நிலம் குறைவாக இராது. வடக்கு நோக்கிப் போகும் பாதையில் ஒரு படமும் தெற்கு நோக்கிப் போகும் பாதையில் ஒரு படமும் எடுத்துச் சேர்த்தால், ஒன்றில் மறைந்தது மற்றதில் பெரும்பாலும் தெரியும். எந்தத் தோட்டம் எந்தப் பாதையில் தெரிகிறது என்ற வரைபடத்தை ஒருமுறை தயாரித்துவிட்டால் போதும். மலையும் மாறாது, செய்மதியின் பாதையும் மாறாது.

மேல்மண்ணும் அடிநிலமும்

இத்தனையும் சரியாக அமைந்தாலும், ராடார் அளப்பது மேல்மண்ணின் சில சென்ரிமீற்றர் ஆழத்தை மட்டுமே. மண்சரிவு தொடங்குவதோ பல மீற்றர் ஆழத்தில். ஊவாவின் சரிவுகளில் பழங்காலச் சரிவுகளால் வந்து குவிந்த தளர்ந்த மண்ணும் கற்களும், அடியிலுள்ள கடினப் பாறையின் மேல் படிந்து கிடக்கின்றன. மழைநீர் இந்தத் தளர்ந்த படைக்குள் இறங்கும். பாறையை ஊடுருவ முடியாமல் அதன் மேல் தேங்கும். தேங்கிய நீரின் அழுத்தம் மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தும். பிடி போதாத கணத்தில் சரிவு முழுவதும் நகரும். கான்கள் தூர்ந்து, வெட்டுவாரின்றிக் கிடக்கும் மலையில் ஓடிப்போக வேண்டிய நீரும் உள்ளே இறங்கிவிடும்.

அப்படியானால் மேல்மண் ஈரத்தை அளந்து என்ன பயன்? பயன் உண்டு. ஆழத்துக்குப் போகும் நீர் மேல்மண்ணைக் கடந்துதான் போகிறது. மேல்மண் பல வாரமாக எப்படி நனைந்து காய்ந்தது என்ற வரலாற்றிலிருந்து ஆழத்து ஈரத்தை மதிப்பிடும் முறையையும் வாக்னர் குழுவினரே தந்திருக்கிறார்கள். இத்தாலியின் உம்பிரியாப் பிராந்தியத்தில் தோர்ஜோவனெத்தோ என்ற மலையின் நகர்வை விளங்கிக்கொள்ள, மழை அளவோடு செய்மதி தந்த மண் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது மதிப்பீடு மேம்பட்டதை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இது இலங்கைக்கு நேரடியாகப் பொருந்தும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழை அளவை வைத்தே தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்புநிலை, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். எளிய, எவருக்கும் புரியும் ஒழுங்கு இது. பல உயிர்களைக் காக்கவல்லது. ஆனால், கச்சான் காலத்து முடிவில் காய்ந்த மலையில் பெய்யும் 75 மில்லிமீற்றரும், மூன்று வாரம் நனைந்த மலையில் பெய்யும் 75 மில்லிமீற்றரும் ஒன்றல்ல. இரண்டாவது மலைக்கு அதைவிடக் குறைந்த மழையே போதுமானதாகலாம். மழை தொடங்குவதற்கு முன்பே எந்த மலை நிறைந்து நிற்கிறது என்று சொல்லக்கூடிய தகவல், எச்சரிக்கை எல்லையை ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்றபடி திருத்த உதவும். ராடார் மண் ஈரத்தின் உண்மையான இடம் இதுதான். மழைமானிக்கு மாற்றாக அதை வைக்கக்கூடாது. மழைமானிக்குத் துணையாக வைக்கவேண்டும்.

லயன் கூரை சொல்லும் செய்தி

ராடாருக்கு இன்னொரு திறனும் உண்டு. திரும்பி வரும் அலையின் வலிமையோடு அதன் கட்டத்தையும், அதாவது அலைச்சுற்றின் எந்த நிலையில் அது வந்துசேர்கிறது என்பதையும், ராடார் பதிகிறது. ஒரே இடத்தின் இரண்டு படங்களுக்கிடையே நிலம் சிறிது நகர்ந்திருந்தால் கட்டம் மாறும். சென்டினல்-1இல் ஒரு முழுச் சுற்று மாற்றம் என்பது செய்மதியின் பார்வைத் திசையில் 2.8 சென்ரிமீற்றர் நகர்வு. ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் ஊர்ந்துகொண்டிருக்கும் சரிவையும் இதனால் கண்டறிய முடியும். தேயிலை மலையில் இது எளிதில் வாய்ப்பதில்லை. இலை அசையும், வளரும், பறிக்கப்படும்; அதனால் இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும்.

ஆனால், தோட்டத்தில் எல்லாமே இலையல்ல. தொழிற்சாலை, பாலம், பாறை, கோயில், லயன் ஆகியவை மாறாமல் நிற்பவை. ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி எதிரொலிக்கும் இத்தகைய புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்து மில்லிமீற்றர் அளவிலான நகர்வைக் கணிக்கும் முறையை 2000ஆம் ஆண்டை ஒட்டி மிலான் நகரத்து ஆய்வாளர்களான ஃபெரெட்டி, பிராட்டி, ரொக்கா ஆகியோர் உருவாக்கினார்கள். அந்த முறை ஊவாவில் முக்கியமான ஒன்றைச் சாத்தியமாக்குகிறது. தேயிலைக்கு நடுவே ராடாரால் தெளிவாகப் பின்தொடரக்கூடிய இடம், மனிதர் குடியிருக்கும் இடமே. லயன் வரிசையின் கூரையும் சுவரும் சரிவோடு சேர்ந்து கீழே ஊர்ந்தால் அது தரவில் தெரியவரும்.

எல்லை ஒன்றை மறக்கக்கூடாது. இந்தச் செய்மதிகள் துருவத்திலிருந்து துருவத்துக்குச் செல்வதால் கிழக்கு மேற்காக நகரும் நிலத்தை நன்கு பார்க்கும். வடக்கு தெற்காக நகர்வதை மங்கலாகவே பார்க்கும். அப்புத்தளை, கொஸ்லாந்தைச் சரிவு பெரும்பாலும் தெற்கு நோக்கியது. அங்கே கீழ்நோக்கி இறங்கும் அளவு தெரியும், தெற்காக நகரும் அளவு குறைத்தே தெரியும். ஆகவே அத்தகைய சரிவுகளில் சிறு நகர்வையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பொருத்திய மூலைத் தெறிப்பிகளை லயன்களுக்கு மேலே, சரிவிலேயே நாட்டினால் தேயிலைக்கு நடுவிலும் உறுதியான புள்ளிகள் கிடைக்கும். பதுளையில் உள்ள எந்த இரும்புப் பட்டறையிலும் செய்யக்கூடிய பொருள் அது.

நிலம் தாழ்வதை அளக்கும் தேவை மண்சரிவோடு முடிவதில்லை. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது 2014 இறுதியில் பெருமளவு நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அதன்பின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். 120 மெகாவாட் மின்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. தன் வீட்டுச் சுவரில் ஓடும் வெடிப்புக்குச் சாட்சி தேடும் ஒரு குடும்பத்துக்கு, பத்தாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்துள்ள இலவச ராடார்ப் படங்கள் எவராலும் திருத்த முடியாத சாட்சி.

ஒரு பிடி மண்

செய்மதி எண் எதையும் தரையில் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. அந்தச் சரிபார்ப்பு எளிமையானது, பொறுமை வேண்டியது. செய்மதி கடக்கும் நாளில், தேர்ந்தெடுத்த மலையில், செடிக்கும் செடிக்கும் இடையே உதிர்ந்த இலைச் சருகை ஒதுக்கிவிட்டு, ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள உலோக வளையத்தை மண்ணில் தட்டி இறக்கவேண்டும். வளையத்தோடு மண்ணைத் தோண்டி எடுத்து, இருபக்கமும் கத்தியால் சமன்செய்து, ஈரம் போகாதபடி பொலித்தீன் பையில் கட்டி, மலையின் எண்ணையும் நேரத்தையும் எழுதவேண்டும். ஆய்வுகூடத்தில் நிறுத்து, 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி, மறுபடி நிறுத்தால் குறைந்த நிறையே நீர். அதை வளையத்தின் கனவளவால் வகுத்தால் அந்த மண்ணின் ஈரம் கிடைக்கும். செய்மதி தந்த எண்ணை இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு அல்ல, கச்சான் காலத்திலும் மழைக்காலத்திலும், கவ்வாத்துக்கு முன்னும் பின்னும், மேட்டிலும் பள்ளத்திலும்.

இதைச் செய்யத் தேவையான நிறுவனங்கள் ஊவாவிலேயே இருக்கின்றன. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் உள்ளது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உள்ளது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையை அறிந்த தொழிலாளர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பியது, எந்தக் கான் கலங்கி ஓடுகிறது, எந்த மரம் சாய்ந்து வருகிறது என்பதை முதலில் காண்பவர் கொழுந்து பறிக்கும் பெண்களே. அவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து அளவீட்டில் சேர்ப்பது, வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அளப்பதைவிட நம்பகமானது.

அறிந்தபின் என்ன?

மீரியபெத்தை கற்பித்த பாடம் கருவியைப் பற்றியதன்று. அங்கே ஆபத்து தெரிந்தே இருந்தது. இரண்டு முறை எழுத்தில் சொல்லப்பட்டும் இருந்தது. ஆனால், லயனில் வாழ்பவருக்கு லயன் சொந்தமில்லை. அதன் கீழுள்ள நிலமும் சொந்தமில்லை. போ என்று சொன்னால் போவதற்கு ஒரு துண்டு நிலம் இல்லாதவருக்கு எச்சரிக்கை வெறும் அச்சத்தை மட்டுமே தருகிறது. உயிர் தப்பியவர்களில் பலர் மாகல்தெனியாவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கிக் காத்திருந்தார்கள். அவர்களுக்கான 75 வீடுகள் 2016 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டன. சரிவுக்கு முன்னே கொடுத்திருக்க வேண்டிய நிலம் சரிவுக்குப் பின்னே கிடைத்தது.

இது ஊவாவின் கதை மட்டுமன்று. 2020 ஓகஸ்டில் கேரளத்தின் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களின் லயன்கள் இரவில் புதையுண்டு 70 பேர் மாண்டார்கள். 2024 ஜூலை 30ஆம் திகதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோது, மறுநாளே இஸ்ரோவின் ராடார்ப் படம் முகிலை ஊடுருவி, 86,000 சதுர மீற்றர் நிலம் சரிந்ததைத் துல்லியமாகக் காட்டியது. அழிந்தபின் அவ்வளவு விரைவாகப் படம் காட்ட முடிந்த தொழில்நுட்பத்தை, அழிவுக்கு முன் மக்களை நகர்த்தப் பயன்படுத்துவதே இனி நாம் கேட்கவேண்டிய உரிமை.

அதற்கான வேலைத்திட்டம் தெளிவானது. முதலில், பதுளை மாவட்டத்தில் அதிக அபாயம் எனக் குறிக்கப்பட்ட லயன்கள் அனைத்துக்கும் 2014 முதல் சேர்ந்துள்ள ராடார்த் தரவை ஆராய்ந்து, நகர்ந்துகொண்டிருப்பவை எவை என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அடுத்து, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, பூனாகலை போன்ற வேறுபட்ட நிலங்களில் நிரந்தர மண் ஈர அளவீட்டு நிலையங்களை நிறுவ வேண்டும். தோட்டங்களின் பறிப்பு, கவ்வாத்துக் கணக்குகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். மழை எல்லையோடு மண்ணின் முன்னீரத்தையும் சேர்த்த எச்சரிக்கையை, தெளிவான தமிழில், தோட்டப் பிரிவின் பெயர் சொல்லி, இரவிலும் லயனைச் சென்றடையும்படி அறிவிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அபாயப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் உறுதிப்பத்திரத்துடன் நிலம் ஒதுக்க வேண்டும்.

ராடார் தேயிலைக்கு அடியிலுள்ள ஈரத்தை இன்று ஓரளவு காட்டும். நீண்ட அலைச் செய்மதிகள் வந்திருப்பதால் நாளை இன்னும் நன்றாகக் காட்டும். தரவு இலவசம். முறைகள் அச்சில் உள்ளன. படித்த இளைஞர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். குறை எஞ்சியிருப்பது முடிவெடுக்க வேண்டியவர்களிடத்தில். அடுத்த மண்சரிவுக்குப் பிறகு, தெரியாமல் போய்விட்டது என்று சொல்லும் உரிமை இனி எவருக்கும் இல்லை.